உட்கார்ந்தால் ஓடும் விசிறி

கலியாணசுந்தரத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுதான் கிடைத்தது: கெட்டிக்காரர். அதையும் அவரே நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் என் பங்குக்கு மிச்சம் எதுவும் இல்லை.

‘அவர்’ என்று நான் எழுதுவது மரியாதையால் அல்ல, பழக்க தோஷத்தால். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அவர் செகரட்டரி, நான் டைப்பிஸ்ட். சங்கத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். அது என்ன பாவம் செய்தது? என் பெயர் சம்பூர்ணம். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து தினமும் நடந்து வந்து, அவர் சொல்வதையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, நடந்தே திரும்பிப் போகிறவள். கலியாணசுந்தரம் எதிரே வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒரு சொல்லின் பாதியில் விரல் இருக்கும். எழுந்து நின்று, அவர் கடந்து போனபிறகு உட்கார்ந்து மீதிப் பாதியைத் தேடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவர் கடந்து போவார் என்று கேட்காதீர்கள். வேண்டுமென்றே கடந்து போகிறவருக்குக் கணக்கு ஏது?

மற்றவர்கள் நிற்பதைப் பார்ப்பதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு பசி. அது எங்கிருந்து வந்தது என்பது அவர் வளர்ந்த பிள்ளையார்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய அப்பா கைலாசம் கூலிக்கு நெய்தவர். புடவையை முடித்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போவார்; துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதலாளி சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டு முடிக்கும்வரை முற்றத்தில் நிற்பார். பையனும் கூட நிற்பான். அப்படி நின்ற பையனுக்கு இரண்டு விதமான புத்தி வந்திருக்கலாம். இனி யாரும் யார் முன்னாலும் இப்படி நிற்கக்கூடாது என்பது ஒன்று. தன் முன்னாலும் ஒருநாள் எல்லாரும் இப்படி நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. இவருக்கு எது வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். தறிக்குழியில் காலை வைக்க மாட்டேன் என்று சங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேலே இருந்தவர்கள் முன்னால் சலிக்காமல் நின்று நின்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் செகரட்டரி ஆனார். அன்றிலிருந்து அவருடைய அறைக்கு அரைக்கதவு போடப்பட்டது. அந்தக் கதவுக்கு மேலாகப் பார்த்தால் எதிரே நீளமான ஹால் முழுவதும் தெரியும். நெசவாளர்கள் நெய்து முடித்த புடவையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தறியில் அடுத்து ஏற்றும் பாவுக்குப் பட்டும் ஜரிகையும் வாங்கிப் போகக் காத்திருக்கும் ஹால் அது. ஆறு பெஞ்சுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு மின்விசிறி உண்டு. ஆனால் எவனாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அறைக்குள்ளிருந்து மணி அடிக்கும். பியூன் ஓடிவருவான்.

“செகரட்டரி பாத்துக்கினு இருக்காரு. எந்திரிங்கபா, எந்திரிங்க.”

கொஞ்ச நாளில் பியூனுக்கு அந்த வேலையும் இல்லாமல் போயிற்று. பெஞ்சுகள் தம்பாட்டுக்குக் கிடந்தன. சுவரோரமாக மனிதர்கள் புடவை மூட்டையை அணைத்தபடி வரிசையாக நின்றார்கள். ஊரில் உள்ளவர்கள் எங்கள் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது, “கோயில்லகூட கொஞ்ச நேரம் ஒக்காரலாம்பா” என்பார்கள். இதை யாரோ போய் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் மகிழ்ந்து போனாராம்.

சங்கத்தில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அவருடைய கல்யாணக் கதையை அவர் மனைவி நீலாம்பாளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மேளதாளத்தோடு பெண் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. பந்தலில் நீலாம்பாளின் மாமா ஒருவர், செவிலிமேட்டுக்காரர், முழங்கால் வாதம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகூப்பினார். மாப்பிள்ளை காரைவிட்டு இறங்க மாட்டேன் என்றார். மேளம் வாசித்தவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சமாதானம் சொன்னார்கள். காரின் கண்ணாடியை அவர் ஏற்றிக்கொண்டார். கடைசியில் நீலாம்பாளின் அம்மா காமாட்சியம்மாள், கணவனை இழந்தவள், சுபகாரியத்தில் முன்னால் வரக்கூடாது என்று உள்ளே ஒதுங்கியிருந்தவள், வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“தப்பு எங்களுதுதான் மாப்பிள்ள. பொறுத்துக்கோங்க. இனிமே எங்க வீட்ல ஒருத்தரும் உங்க முன்னாடி ஒக்கார மாட்டோம்.”

மாப்பிள்ளை இறங்கினார். மற்றவர்கள் அடுத்த வாரமே அதை மறந்துவிட்டார்கள். காமாட்சியம்மாள் மறக்கவில்லை. தலைதீபாவளிக்கு அவர் சாப்பிட்டபோது கதவோரம் நின்றாள். பேரன் பிறந்தபோது தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் சொந்தமாக இரண்டு தறி. ஆள் வைத்து நெய்து எங்கள் சங்கத்துக்குத்தான் கொடுத்துவந்தாள். புடவை கொண்டுவரும் நாளில் ஹாலின் கடைசித் தூணருகே நிற்பாள். கலியாணசுந்தரம் அவளை எல்லாருக்கும் கடைசியாகத்தான் கூப்பிடுவார். “மாமியாரை மொதல்ல கூப்டா ஊர் இன்னா பேசும்?” என்று என்னிடம் ஒருமுறை நேர்மையின் திருவுருவமாகச் சொன்னார். ஊர் என்ன பேசியது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அச்சில் ஏறாது.

இப்படிப்பட்ட மனிதருக்கு, எழுபத்து மூன்றில், ஒரு புதுக் கண்டுபிடிப்பு உதித்தது.

அந்த வருஷம் அணைகளில் தண்ணீர் வற்றி மின்சாரத்துக்குப் பெரிய பஞ்சம். நினைத்த நேரத்தில் விளக்கு அணையும். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை வந்துகொண்டிருந்தது. வந்ததை நான்தான் அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்து ஹாலின் நடுவில் நின்றார். மேலே ஆறு விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே ஆறு பெஞ்சுகளும் காலி.

“பாத்தியாம்மா அநியாயத்தை! ஆறு ஃபேன் ஓடுது, ஆளே இல்ல!”

சுவரோரமாக ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வந்ததும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆள் இல்லாத இடத்துக்குக் காற்று வீசுவது வடிகட்டின முட்டாள்தனம். வீட்டில் எல்லாரும் கொல்லையில் இருக்கும்போது கூடத்தில் விசிறி ஓடினால் நான்கூடச் சத்தம் போடுவேன். ஆள் வந்தால் தானாக ஓட வேண்டும், ஆள் போனால் தானாக நிற்க வேண்டும், மனிதனின் மறதியை நம்பிச் சுவிட்சை விடக்கூடாது என்பது உலகத்தில் எந்தக் கட்டடத்துக்கும் பொருந்துகிற யோசனை. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. அது வந்து குடியேறிய தலையில்தான் குற்றம்.

அவர் செய்தது இதுதான். பெஞ்சின் பலகையைப் பின்பக்கம் கீல் வைத்துப் பொருத்தி, முன்பக்கம் அடியில் ஸ்பிரிங் வைத்தார். அதற்குக் கீழே காலிங் பெல்லுக்குப் போடுவது போல ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் பலகை ஒரு விரல்கடை இறங்கும். மேலே விசிறி ஓடும். எழுந்தால் பலகை ஏறும், விசிறி நிற்கும். தறியில் மிதிக்கட்டையைக் காலால் அழுத்தினால் பாவு நூல் பிரியும், காலை எடுத்தால் சேரும் அல்லவா, அதே சங்கதிதான். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொன்னார். அப்பாவின் தறியில் பார்த்தது என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

வேலையைச் செய்து கொடுத்தவர் பரசுராமன் என்கிற ஒயர்மேன், திருப்புட்குழிக்காரர். ஆமாம் சார் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பரசுராமனுக்கே வேலை முடிகிற சமயத்தில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“சார், இவங்கள்லாம் நின்னுக்கினே இருக்காங்களே. நிக்கிறவங்களுக்கு?”

“நிக்கிறவனுக்கு எதுக்குய்யா காத்து? நிக்கிறவன் போறவன். ஒக்கார்றவன்தான் ஆளு.”

“ஆமா சார். அதுவும் சரிதான் சார்” என்றார் பரசுராமன், ஸ்குரூவைத் திருகிக்கொண்டே.

பலகையைத் தரையில் பதித்திருந்தால் நிற்கிறவன் கனத்துக்கும் அது இறங்கியிருக்கும். ஆனால் அப்படிச் செய்ய வேண்டுமானால், நிற்கிறவனுக்கும் வியர்க்கும் என்று முதலில் தோன்ற வேண்டும்.

என்னுடைய ஸ்டூலுக்கும் ஒரு ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. டைப் அடித்துக்கொண்டிருப்பேன், தலைக்கு மேல் விசிறி ஓடும். அவர் வருவார், எழுந்து நிற்பேன், விசிறி நிற்கும். அவர் நின்று நிதானமாகப் பேசி முடிப்பதற்குள் எனக்கு முதுகில் ஆறு ஓடும். அவர் போனதும் உட்காருவேன். விசிறி மெல்ல வேகம் பிடிக்கும். மறுபடியும் அவர் வருவார். அவருடைய சொந்த அறைக்கு மட்டும் இந்தப் புதுமை வரவில்லை. அங்கே பழைய சுவிட்சுதான். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து எழுந்து வரும்வரை அந்த விசிறி காலி நாற்காலிக்கு வீசிக்கொண்டே இருக்கும். கேட்டால், திரும்பி வரும்போது நாற்காலி சூடாக இருந்தால் வேலையில் மனம் செல்லாதாம்.

ஹாலில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாரும் உட்காரவில்லை. உட்கார்ந்து பழக்கமில்லை, உட்கார்ந்தால் வம்பு என்ற நினைப்பு வேறு. முன்பெல்லாம் காலி பெஞ்சுக்கு ஓடிய விசிறியின் காற்று சுவரோரம் நின்றவர்கள் மேலும் கொஞ்சம் படும். இப்போது அதுவும் போயிற்று. கூரை ஆஸ்பெஸ்டாஸ். கோடை ஏற ஏற அந்த ஹாலில் நெல்லைக் கொட்டியிருந்தால் பொரிந்திருக்கும். மின்சாரச் செலவு மட்டும் விழுந்தது. விழாமல் என்ன செய்யும்? மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தன் பெஞ்சின் மகிமையால்தான் இது நடந்தது என்று கலியாணசுந்தரம் மனப்பூர்வமாக நம்பினார். மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். எழுதினார் என்றால் நான் டைப் அடித்தேன் என்று அர்த்தம். ஒவ்வொரு பக்கமும் அடித்து முடிப்பதற்குள் என் விசிறி பலமுறை நின்று ஓடியது.

மெட்ராஸில் அதைப் படித்துவிட்டு மயங்கிவிட்டார்கள். எந்தச் சங்கத்திலும் இப்படி ஒரு மிச்சம் கிடையாதாம். மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். பார்த்துத் திருப்தியானால், எல்லாச் சங்கங்களுக்கும் இந்த ஏற்பாட்டைக் கொண்டுபோக கலியாணசுந்தரத்தையே தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றும் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து மனிதர் காஞ்சிபுரத்திலேயே இல்லை. மெட்ராஸ் அலுவலகத்தில் ஏர்கண்டிஷன் அறை உண்டு. அதற்குள் ஒரு முறை போயிருக்கிறார். குளிரில் உடம்பு சிலிர்த்ததை எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்த அறையில் ஒரு நாற்காலி. அது ஒன்றுதான் வேண்டும். மனைவி, பிள்ளை, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். “இந்த சான்ஸ் போச்சுன்னா நான் இதே ஊர்ல கெடந்து சாவ வேண்டியதுதான் சம்பூர்ணம்” என்று ஒருநாள் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும் கலங்கியது. போகாமல் இருந்துவிடுவாரோ என்ற பயம் எங்களுக்கும் இருக்காதா?

அதிகாரி வருவதற்கு முந்தின நாள்தான், ஹாலில் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தால் விசிறி ஓடாது என்பது அவருக்கு உறைத்தது. நெசவாளர்களைக் கூட்டிப் பெஞ்சில் உட்காரவைத்து ஒத்திகை நடத்தினார்.

“நாளைக்கு எல்லாரும் பெஞ்சுல ஒக்காந்து இருக்கணும். நான் ஆபீசரோட உள்ள வரும்போது ஒருத்தனும் எந்திரிக்கக் கூடாது. தெரியுதா?”

“சரிங்க சார்” என்று எல்லாரும் ஒரே குரலில், எழுந்து நின்று சொன்னார்கள்.

ஆறு விசிறிகளும் நின்றன. அவர் கத்தினார். உட்கார்ந்தார்கள். கத்தியதற்குப் பதில் சொல்ல எழுந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்று சாயங்காலம்வரை உட்காரப் பழக்கினார். ஏழு வருஷமாக நிற்கப் பழக்கிய ஆட்களை ஒரே நாளில் உட்காரப் பழக்குவது லேசான வேலையா?

மறுநாள் கத்திரி வெயில். காலையிலேயே எல்லாரையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார். விசிறிகள் ஓடின. அந்தக் கோடையில் முதல் தடவையாக ஹாலில் காற்று வீசியது. துரைக்கண்ணு என்கிற நெசவாளி, “இவ்ளோ காத்தாபா இதுல வருது?” என்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தார். காமாட்சியம்மாளும் அன்று புடவை கொண்டுவந்திருந்தாள். மாப்பிள்ளைக்கு முக்கியமான நாள் என்று விடிவதற்குள் கோயிலுக்குப் போய், வேண்டிக்கொண்டு, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக வந்திருந்தாள். வழக்கமான தூணருகே நின்றாள். நான் போய், “ஒக்காருங்கம்மா, அவரே ஒக்காரச் சொல்லியிருக்காரு” என்றேன்.

“மத்தவங்களுக்குச் சொல்லியிருப்பாருமா. நமக்கு ஆவுமா அது?”

கார் வந்தது. கலியாணசுந்தரம் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, குனிந்து, நெளிந்து, அதிகாரிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து ஹாலுக்குள் வந்தார்.

“வாங்க சார், வாங்க சார்!”

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். அது அவர்கள் செய்ததல்ல, அவர்கள் கால்கள் செய்தது. நானும்தான் எழுந்தேன். ஹாலில் இருந்த அத்தனை விசிறிகளும் ஒன்றாக வேகம் குறைந்து, முனகி, நின்றன. அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

“என்ன, கரண்ட் போயிடுச்சா?”

“இல்ல சார்! ஒக்காருங்கய்யா! ஒக்காருங்க!”

உட்கார்ந்தார்கள். விசிறிகள் கிளம்பின. அதிகாரிக்குக் கொஞ்சம் விளங்கியது போல இருந்தது. துரைக்கண்ணுவிடம் போய், “என்ன பெரியவரே, இந்த ஏற்பாடு சௌகரியமா இருக்கா?” என்று கேட்டார். மெட்ராஸ் அதிகாரிக்கு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வதா? துரைக்கண்ணு எழுந்தார். அவரைத் தனியாக நிற்க விடுவது அழகல்ல என்று அந்தப் பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எழுந்தார்கள். மேலே விசிறி நின்றது.

“ரொம்ப சௌகரியமா இருக்குதுங்க” என்றார் துரைக்கண்ணு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

அடுத்த பெஞ்சிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். அதிகாரி எங்கே போனாரோ அங்கே காற்று நின்றது. அவருடைய சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கலியாணசுந்தரம் பக்கத்தில் ஒரு விசிறியைப் போலச் சுழன்றார். மெட்ராஸ் அறையும் நாற்காலியும் கண்ணெதிரே நழுவுவது அவருக்குத் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. பொய் சொல்வானேன், நான் குளிர்ந்து போயிருந்தேன்.

திரும்பும்போது அதிகாரியின் கண்ணில் தூணருகே நின்ற காமாட்சியம்மாள் பட்டாள். அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது.

“அந்த அம்மா ஏன் நிக்கிறாங்க? இடம் இருக்கே?”

“அவங்க என் மாமியார் சார்” என்றார் கலியாணசுந்தரம். சொல்லும்போதே அவருக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. இந்த ஒருத்தி உட்கார்ந்து, எழாமல் இருந்து, விசிறி ஓடிவிட்டால் போதும். “அத்தை, ஒக்காருங்க.”

காமாட்சியம்மாள் தூணை இன்னும் ஒட்டி நின்றாள். “இருக்கட்டும் மாப்பிள்ள.”

“ஒக்காருங்கன்றேன். ஆபீசர் பாக்கணும்.”

“நா நிக்கிறேன் மாப்பிள்ள. எனக்கு இன்னா? பழக்கம்தான?”

“சும்மா ஒரு நிமிஷம் ஒக்காருங்க அத்தை!”

“உங்க முன்னாடியா? வேணாம் மாப்பிள்ள. கேக்காதீங்க.”

கலியாணசுந்தரத்தின் குரல் ஏறியது. அவள் தலை குனிந்தது. அவர் எவ்வளவுக்கு அதட்டினாரோ அவ்வளவுக்கு அவள் ஒடுங்கி மரியாதையாக நின்றாள். அந்த மனிதர் இத்தனை வருஷம் கேட்டு வாங்கிய மரியாதை, இப்போது வேண்டாம் என்றால் போய்விடுமா? “உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன் அத்தை” என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவள் பதறிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கை அப்படியே நழுவியது. முகம் வெளுத்தது. புடவை மூட்டை முதலில் விழுந்தது. அதன் மேல் அவள் சரிந்தாள்.

ஓடினேன். துரைக்கண்ணுவும் ஓடிவந்தார். உடம்பு அனலாக இருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் கிடத்தினோம். “தண்ணி, தண்ணி கொண்டாங்க!” என்று நான் அலறினேன். அப்போது என் கழுத்தில் காற்று பட்டது.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார்.

“அட! ஓடுதே!”

“ஆமா சார்! ஆளு இருந்தா ஓடும் சார்!” கலியாணசுந்தரத்தின் குரலில் உயிர் திரும்பிவிட்டது. பெஞ்சைச் சுற்றி அதிகாரியை அழைத்துவந்து, குனிந்து, மாமியாரின் தொங்கிக்கொண்டிருந்த கையை ஒதுக்கிவிட்டு, பலகை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலால் சுட்டிக் காட்டினார். ஸ்பிரிங்கைக் காட்டினார். சுவிட்சைக் காட்டினார். நான் தண்ணீரை அவள் முகத்தில் தெளித்தேன். தெறித்தது அவர் சட்டையில் பட்டுவிட, என்னை ஒரு முறை முறைத்தார்.

காமாட்சியம்மாள் கண்ணைத் திறந்தாள். மேலே விசிறியைப் பார்த்தாள். எங்கே படுத்திருக்கிறோம் என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு எதிரே மாப்பிள்ளை நிற்பதைப் பார்த்தாள். “ஐயையோ” என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். “படுங்கம்மா” என்று தோளை அமுக்கினேன். என் கையைத் தட்டிவிட்டாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகை ஏறியது. விசிறி சுழன்று சுழன்று நின்றது.

“எந்திரிச்சதும் நிக்குது பாருங்க சார்! ஒரு செகண்டு வீணாப் போவாது!”

“பிரமாதம்!” என்று அதிகாரி அவர் தோளில் தட்டினார். “இதை எல்லாச் சங்கத்துலயும் போடணும். நீங்க மெட்ராஸ்ல இருக்க வேண்டிய ஆளு. அடுத்த மாசமே ஆர்டர் போடச் சொல்றேன்.”

அவரைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கலியாணசுந்தரம் உள்ளே வந்தார். எல்லாரும் நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராகத் தூணருகே போனார். மாமியாரிடம் அவர் சிரித்துப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

“நல்ல சமயத்துல விழுந்தீங்க அத்தை. உங்களாலதான் மெட்ராஸ் கெடைச்சுது.”

விழுந்து எழுந்த அந்த அம்மாளுக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இன்னும் போகவில்லை. என் கையில் டம்ளர் இருந்தது. அதை அவர் முகத்தில் வீச வேண்டும் போல இருந்தது எனக்கு. காமாட்சியம்மாளைப் பார்த்தேன், அவளும் அப்படித்தான் கொதித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

“என்னாலயா மாப்பிள்ள?” என்றாள். அவள் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “நிஜமாவா? என்னாலயா?”

அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். அதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.